குளிரக் கூடாத குருதி

தமிழ்நாட்டுக்குத் தமிழில் விளக்கம் சொல்லப் போகிறேன் என்று கடல் கடந்த என் ஊரான ஈப்போவில் கண்டவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். கல்லூரியில் இலக்கணம் கற்பித்து ஓய்வு பெற்ற ஒருத்திக்கு இப்படி ஓர் அழைப்பு வந்தால் தலை சற்றுக் கனக்கத்தான் செய்யும். அழைத்தவள் என் தங்கை மகள் கயல்விழி. வேலூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றுகிறாள். வெறிநாய்க்கடிக்காக என்றோ தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களின் உடம்பில் அதன் நினைவு இன்னும் தங்கியிருக்கிறதா என்று அளந்து பார்ப்பது அவள் வேலை. அதற்காக ஆரணியில் நெசவாளர் சிலர் குருதி கொடுக்க இசைந்திருந்தார்கள்.

"எனக்குத் தமிழ் தகராறு, பெரியம்மா. நீங்க வந்து அவங்களுக்கு அழகா எடுத்துச் சொல்லுங்க" என்றாள்.

'அழகா' என்ற சொல்லில் நான் விழுந்தேன்.

ஆரணிப் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் முதல் வேலையாக, வழி கேட்டேன். "ஐயா, கொசப்பாளையம் செல்லும் சாலை எத்திசையில் உள்ளது?" என்று நான் வினவியதும் ஆட்டோ ஓட்டுநர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாம்மா, டிவிலேர்ந்து வர்றீங்களா?" என்று கேட்டுவிட்டு, "ஜல்தி ஏறுங்க" என்றார். ஏறினேன். 'ஜல்தி' எம்மொழிச் சொல் என்று அவருக்கு எடுத்துரைக்க வாயெடுத்தேன். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதில் வாய் தானாகவே மூடிக்கொண்டது.

தங்குமிடத்துக்குக் கீழேயே உணவகம். இட்லியும் வடகறியும் கொண்டுவந்து வைத்தார்கள். கடலைப் பருப்பு வடையை உதிர்த்துப் போட்டு, பட்டையும் கிராம்பும் மணக்கக் கொதிக்க வைத்த அந்தக் குழம்பை நான் அதற்குமுன் உண்டதில்லை. எங்கள் ஊரில் பரோட்டாவைப் போன்ற ரொட்டி சானாயை எதில் தொட்டுத் தின்பது என்று அங்குள்ள மூன்று இனத்தாரும் கருத்து வேறுபட்டு நிற்பார்கள்; இந்த வடகறி அங்கே வந்தால் ஒரே நாளில் ஒற்றுமை பிறந்துவிடும். வெள்ளைக் காப்பிக்குப் பேர் போன ஊர்க்காரி என்பதால் காப்பியில் மட்டும் குறை காணக் காத்திருந்தேன். வந்த காப்பியில் குறையில்லை. அது எனக்குச் சற்று ஏமாற்றமாகவே இருந்தது.

அன்று மாலை செவிலி ஸ்டெல்லா என்னை டில்லிபாபுவின் வீட்டுக்கு அழைத்துச் சென்றாள். ஸ்டெல்லா ஆரணியிலேயே பிறந்து வளர்ந்தவள். ஆய்வுக்காக வீடு வீடாகச் சென்று குருதி எடுப்பவள். டில்லிபாபு பட்டு நெய்பவர், ஐம்பதை ஒட்டிய வயது. முன்கூடத்தில் தறி, பின்னால் சமையற்கட்டு, நடுவில் எனக்கு ஒரு நெகிழி நாற்காலி. அவர் மனைவி மல்லிகா கதவில் சாய்ந்து நின்றாள்.

விமானத்தில் எழுதித் திருத்தி, மனத்துக்குள் ஏற்ற இறக்கத்துடன் சொல்லிப் பார்த்திருந்த உரையைத் தொடங்கினேன். உடலுள் உறையும் நுண்ணுயிரணுக்கள், அவை முற்பகை மறவாமை, அம்மறவாமையை மாந்தர் அளந்தறியும் நெறி என்று மூன்று பகுதிகள். டில்லிபாபு கைகட்டிக் கேட்டார். நான் முடித்ததும் ஸ்டெல்லாவின் பக்கம் திரும்பி, "யாராவது செத்துட்டாங்களா?" என்றார்.

ஸ்டெல்லா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "இல்லண்ணா. நீ அப்போ போட்டுகினியே நாய்க்கடி ஊசி, அது உன் ரத்தத்துக்கு இன்னும் ஞாபகம் இருக்கான்னு பாப்பாங்க. ரத்தம் எடுத்துட்டு, அப்புறம் புதுசா ஒரு ஊசி போடுவாங்க."

"புது ஊசி போட்டுட்டு எடுத்தா இன்னாவாம்?"

"அப்போ தெரியற ஞாபகம் பழசா புதுசான்னு சொல்ல முடியாதுண்ணா. அதான் மொதல்ல ரத்தம்."

மல்லிகா குறுக்கிட்டாள். "மேடம், மொதல்ல எதுக்கு இவரு ஒத்துகினாருன்னு கேளுங்க. தெனம் காலையில ஒரு சொம்பு தண்ணிய கையில வச்சிகினு மொறைச்சிகினே நிப்பாரு. கல்யாணம் ஆன புதுசுல, நான் அதுல ஏதோ கலந்துட்டேன்னு சந்தேகப்படறாருன்னு நெனச்சி அழுதுட்டேன்."

டில்லிபாபு சிரிக்கவில்லை. "எனக்கும் சேகருக்கும் ஒரே நாய் கடிச்சது, டீச்சரம்மா" என்றார். "பக்கத்து வூடு. நாய் எங்க போச்சின்னே தெரியல. எங்கம்மா என்னை இழுத்துகினு போயி எல்லா ஊசியும் போட வச்சிட்டாங்க. அவன் ரெண்டோட நின்னுட்டான். கல்யாணச் சேலை ஒண்ணு தறியில இருந்தது, நெய்து முடிச்சி அறுத்துக் குடுத்துட்டு வரேன்னான். அப்புறம் தண்ணி குடிக்க முடியாமதான் போனான். நான் பாத்தேன். அதுலேர்ந்து எனக்குத் தண்ணிய எடுத்தா, தொண்டை புடிக்குதான்னு பாத்துகினுதான் முழுங்க வரும்."

"பல ஆண்டுகள் ஆகிவிட்டனவே. இனி அஞ்ச வேண்டியதில்லையே" என்றேன்.

"டாக்டருங்களும் அத்தத்தான் சொல்றாங்க. எல்லாரும் சொல்றாங்க. காட்ட மாட்டேன்றாங்க. உங்க பொண்ணு காட்டறேன்னுச்சி."

அந்த வீட்டில் என் மூன்று பகுதி உரைக்கு அதற்குமேல் வேலை இருக்கவில்லை.

மறுநாள் அமாவாசை. அன்று நெசவாளர்கள் தறியில் உட்காருவதில்லை. அதனாலேயே கயல்விழி அந்த நாளைத் தேர்ந்திருந்தாள். யாருக்கும் வேலை கெடாது. அன்று டில்லிபாபு மட்டும்; மற்றவர்கள் அடுத்த அமாவாசைக்கு. காலையில் நாங்கள் போனபோது, எப்போதும் தறியோசை கேட்கும் தெரு துடைத்துவிட்டதுபோல் அமைதியாக இருந்தது. ஒவ்வொரு வீட்டு மாடியிலும் இலையில் சோறு வைத்துக் காகத்தை அழைத்துக்கொண்டிருந்தார்கள். முன்னோருக்குப் படைத்து, காகம் உண்டபின் உண்பது வழக்கம். டில்லிபாபுவின் வீட்டில் மட்டும் அடுப்பே பற்றவைக்கவில்லை. குருதி கொடுத்துவிட்டுத்தான் குளித்துப் படைப்பாராம்.

ஸ்டெல்லா அவர் கையிலிருந்து சில குழாய்கள் நிறையக் குருதி எடுத்தாள். உடனே ஊசி போட முற்பட்டபோது அவர் கையை இழுத்துக்கொண்டார். "வெறும் வயித்துல ஊசி வாணாம் ஸ்டெல்லா. படையல் போட்டு, சாப்ட்டுட்டுப் போட்டுக்கறேன். நீ மத்த வூடுங்கள்ல பேசிட்டு மதியமா வா." அவளும் சரியென்றாள்.

குருதியை வேலூருக்குக் கொண்டுசெல்பவர் ஒரு வேண்டுதலுக்காகப் படவேட்டு அம்மன் கோயிலுக்குப் போயிருந்தார். என்னையே எடுத்துவரச் சொல்லிக் கயல்விழி கைப்பேசியில் கெஞ்சினாள். நான் பெருந்தன்மையுடன் இசைந்தேன். "பெரியம்மா, ஒண்ணே ஒண்ணுதான். ஐஸ் படக் கூடாது. அதுக்குள்ள இருக்கற செல் எல்லாம் உயிரோட வரணும். சில்லுன்னு ஆச்சுன்னா பிரிக்கறப்போ எல்லாம் கலந்துடும், பாதி செத்துடும். சாதாரண அறை வெப்பம் போதும். சாயங்காலத்துக்குள்ள கொண்டுவந்துடுங்க."

"குழந்தாய், ஒரு பெட்டியைக் குளிரவிடாமல் தூக்கி வருவது அரிய கலையன்று" என்றேன். இதை எழுதும்போது அந்தச் சொற்றொடரின் அமைப்பு இன்னமும் எனக்குப் பிடித்திருக்கிறது. அதன் பொருள்தான் நிற்கவில்லை.

ஸ்டெல்லாவிடம் ஒரே மாதிரியான இரண்டு நீலப் பெட்டிகள் இருந்தன. பனிக்கட்டி வைத்தது தடுப்பூசிக்கு, வைக்காதது குருதிக்கு. இரண்டாவதைப் பெற்றுக்கொண்டு பேருந்தில் ஏறினேன். ஆரணி எல்லையைத் தாண்டியபோதுதான் என் கைப்பேசி டில்லிபாபுவின் வீட்டுச் சுவரில் மின்னேறிக்கொண்டிருப்பது நினைவுக்கு வந்தது. ஒரு நாள் கைப்பேசியின்றி இருந்தால் எழுதலாம், சிந்திக்கலாம் என்று தேற்றிக்கொண்டேன்.

கண்ணமங்கலத்தில் பேருந்து ஒரு முறை செருமிவிட்டு நின்றது. நடத்துநர் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார். "அவ்ளோதாம்பா. வேற வண்டி வரும். எல்லாரும் டீ சாப்டுங்க." எங்கள் ஊரிலும் பேருந்துகள் பழுதாகும், ஆனால் பயணிகள் இவ்வளவு மகிழ்ச்சியுடன் இறங்கமாட்டார்கள். சாலையோரத்தில் சாந்தி என்பவள் நடத்தும் தேநீர்க் கடை. குளிர்பானங்கள் அடுக்கிய பெரிய குளிர்ப்பெட்டி, முன்னால் இரண்டு மரப் பலகைகள்.

"பொட்டிய இப்படி நெழல்ல வைங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்றாள் சாந்தி. வைத்தேன். தேநீரோடு, எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்த மசால் வடையும் வாங்கிக்கொண்டு வெளிப் பலகையில் அமர்ந்தேன். தொலைவில் சவ்வாது மலைத்தொடர் நீலமாய்க் கிடந்தது. பயணக் கட்டுரைக்கு ஒரு மலை வேண்டுமே. கைப்பையிலிருந்து தாளை எடுத்து, 'முகிலைத் தலையணையாய்க் கொண்டு துயிலும்' என்று எழுதி அடித்து, 'முகில் போர்த்துத் துயிலும்' என்று மாற்றி, மலைக்குத் துயில் பொருந்துமா என்று ஐயுற்று, வடை ஆறும்வரை அந்த ஒரே தொடரோடு மல்லுக்கட்டினேன். இறுதியில் அது செவ்வையாய் அமைந்தது. அந்நேரத்தில் மாற்றுப் பேருந்தும் வந்தது.

பெட்டி வைத்த இடத்தில் இல்லை.

"உள்ள வச்சிருக்கேன், இருங்க" என்று சாந்தி குளிர்ப்பெட்டியைத் திறந்தாள். பாட்டில்களுக்கு நடுவே நீலப் பெட்டி வீற்றிருந்தது. எடுத்து என் கையில் கொடுத்தபோது அதன் பக்கங்களில் நீர் துளிர்த்திருந்தது. மூடியைத் திறந்தேன். குழாய்களைச் சுற்றிலும் பனிக்கட்டி.

"ஊசி மருந்துப் பொட்டிதானே? ஐஸே போடாம அனுப்பி வச்சிருக்காங்க பாருங்க, பொறுப்பே இல்ல" என்றாள் சாந்தி, ஊராருக்கு நன்மை செய்த முகத்தோடு. "சொட்டு மருந்து கேம்ப்புன்னா எங்கிட்டதான் ஐஸ் வாங்குவாங்க. இந்தத் தெருவுல சுகர் ஊசி போடறவங்க மருந்தெல்லாம் இதுக்குள்ளதான் இருக்குது. கெட்டுப்போவக் கூடாதுன்னு நல்லா அமுக்கி வச்சேன்."

குளிர்பானங்களுக்குப் பின்னால் பெயர் எழுதி ஒட்டிய இன்சுலின் பெட்டிகள் வரிசையாக இருந்தன. அவளைக் குறை சொல்ல எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. அவள் அதைச் செய்துகொண்டிருந்தபோது, பத்தடி தொலைவில் நான் மலையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தேன்.

"அது மருந்தன்று. குருதி… ரத்தம். குளிர்ந்தால் கெட்டுவிடும்."

சாந்தி வாயில் கைவைத்தாள். நடத்துநர் எட்டிப் பார்த்தார். "இன்னொரு வாட்டி எடுத்துக்கலாம்ல?"

எடுக்கலாம்தான், டில்லிபாபுவுக்கு இன்னும் ஊசி போடவில்லையென்றால். மதியம் படையல் முடிந்ததும் ஸ்டெல்லா போடுவாள். போட்டுவிட்டால் பழைய நினைவை இனி எந்த ஆய்வுக்கூடமும் தனியே பிரித்துக் காட்ட முடியாது. அவர் வாழ்நாள் முழுவதும் சொம்பை முறைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

"ஃபோன் போட்டு ஊசிய நிறுத்தச் சொல்லுங்க" என்று, நான் சொன்னதைக் கேட்ட நடத்துநர் தம் கைப்பேசியை நீட்டினார். "நம்பரைச் சொல்லுங்க, நானே போடறேன்."

வாயைத் திறந்தேன். ஓர் எண்ணும் வரவில்லை. கயல்விழியின் எண் தெரியாது. ஸ்டெல்லாவுடையது தெரியாது. என் சொந்த எண்ணே, இந்தியாவுக்கென்று வாங்கியது, தெரியாது. நூற்பாக்களை முன்னும் பின்னும் ஒப்பிப்பவள் என்று கல்லூரியில் பெயர் பெற்றவள் நான். அந்நேரம் என் நினைவு தேடிக் கொடுத்தது, ஈப்போவில் நாங்கள் என்றோ காலிசெய்த வாடகை வீட்டின் தொலைபேசி எண்ணை மட்டுமே.

"பொண்ணு நம்பர் கூடவா தெரியாது?" என்றார் நடத்துநர். பேருந்து முழுவதும் என்னைப் பார்த்தது. "டீச்சருன்னு வேற சொன்னீங்க."

சாந்தி அதற்குள் முந்தானையைச் செருகிக்கொண்டு ஸ்கூட்டியைத் தள்ளிவந்துவிட்டாள். "பேஜாரு பண்ணது நான்தானே. ஏறுங்கம்மா. ஆரணிக்கு விட்டுடறேன்." கடையை யாரிடம் விடுவாய் என்றேன். "டீ வேணுங்கறவன் போட்டுக் குடிப்பான். ஏறுங்க!"

எங்கள் ஊரில் நான் தலைக்கவசமின்றித் தெருவைக்கூடக் கடந்ததில்லை. இங்கே, பயனற்றுப்போன ஒரு பெட்டியை மடியில் அணைத்தபடி, லாரிகளுக்கும் கரும்பு வண்டிகளுக்கும் இடையில் பறந்தேன். சாந்தி வழியெல்லாம் பேசினாள். "அந்த அண்ணனுக்கு இன்னா?" என்று கேட்டாள். காற்றில் கத்திக் கத்திச் சொன்னேன். சேகரைப் பற்றியும் சொன்னேன். அவள் வேகத்தைக் கூட்டினாள்.

தெருமுனையில் திரும்பியபோதே மாடி தெரிந்தது. டில்லிபாபு ஒரு கையைக் கைப்பிடிச் சுவரில் நீட்டியிருந்தார். சட்டைக் கை தோள்வரை மடிந்திருந்தது. ஸ்டெல்லா பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள். மற்றக் கையில் ஊசி.

இத்தகைய தருணத்துக்கு நான் எவ்வளவோ செம்மையான சொற்றொடர் வைத்திருந்திருக்க வேண்டும். ஸ்கூட்டியின் பின்னாலிருந்து எழுந்து நின்று, தெருவே திரும்பிப் பார்க்க, நான் கத்தியது இதுதான்: "வாணாம்! போடாதீங்க! ஸ்டெல்லா, வாணாம், வாணாம்!"

ஸ்டெல்லாவின் கை நின்றது. மேலேறிப் போனேன். மூச்சு வாங்குவதற்குள் மல்லிகா தண்ணீர் கொடுத்தாள்.

"நல்லவேளை. சாப்ட்டப்புறம் போடறதா இருந்ததே, அதுக்குள்ளயா?" என்று கேட்டேன். நான் எப்படிப் பேசுகிறேன் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"எங்க சாப்ட்டோம்?" என்றாள் மல்லிகா. "காக்காவே வரல. தெரு பூரா காலையிலயே வச்சிட்டாங்க. நம்ம வூடுதான் கடைசி. எல்லாக் காக்காவும் துன்னுட்டுத் துன்னுட்டு, தோ அந்த வேப்பமரத்துல ஒக்காந்துகினு நம்மளைப் பாக்குது. எறங்கவே மாட்டேங்குது. கூப்புட்டுக் கூப்புட்டு இவருக்குத் தொண்டையே கட்டிப்போச்சி."

"எவ்ளோ நேரம்தான் நானும் நிக்கறது? அதான், ஊசியப் போட்டுகினு அப்புறம் கூப்புடுங்கன்னு இப்போதான் ஒத்துக்க வச்சேன்" என்றாள் ஸ்டெல்லா.

இலையில் சோறும் வடையும் காய்ந்துகொண்டிருந்தன. வயிறு நிறைந்த காகங்கள் மரத்தில் சிறகு கோதின. நடந்ததைச் சொன்னேன். பனிக்கட்டியை, மலையை, எண் தெரியாததை, எதையும் விடவில்லை. சாந்தி ஒரு மூலையில் நின்று, "நான்தாண்ணா வச்சேன்" என்றாள்.

டில்லிபாபு பெட்டியைத் திறந்து அந்தக் குழாய்களைப் பார்த்தார். "அப்போ இது?"

"வீண்" என்றேன்.

அவர் மற்றக் கையை நீட்டினார். ஸ்டெல்லா புதுக் குழாய்களை எடுத்தாள். கடைசிக் குழாய் நிறைந்துகொண்டிருந்தபோது ஒரு காகம், பசியாலன்று, ஏதோ கடமைக்காக என்பதுபோல் இறங்கிவந்து வடையை மட்டும் கொத்திக்கொண்டு போனது. எல்லோரும் கைதட்டினார்கள். ஸ்டெல்லாவும் தட்டினாள். அதன்பின் எல்லோரும் உண்டோம். சாந்திக்கு இரண்டு முறை பாயசம் ஊற்றினார்கள். டில்லிபாபு ஊசி போட்டுக்கொண்டார்.

பனிக்கட்டியைக் கொட்டித் துடைத்த பெட்டியில் புதுக் குழாய்கள், கைப்பையில் வீணானவை என்று இம்முறை வாடகைக் காரில் சென்றேன். ஓட்டுநர் "ஏசி போடட்டுமா?" என்று கேட்டதும் அலறினேன். பிறகு பெட்டி வெந்துவிடுமோ என்று அஞ்சிப் போடச் சொன்னேன். பிறகு குளிருமோ என்று நிறுத்தச் சொன்னேன். பெட்டியைத் திறந்து திறந்து, ஸ்டெல்லா உள்ளே வைத்திருந்த வெப்பமானியைப் பார்த்தேன். "உள்ள இன்னாம்மா, கோழிக் குஞ்சா?" என்றார் அவர்.

வேலூர் ஆய்வுக்கூடத்தில் கயல்விழி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். இரண்டு முறை எடுத்த குருதியையும் தனித்தனிக் குழாயில், அடர்ந்த ஒரு நீர்மத்தின் மேல் மெதுவாக ஊற்றி, இயந்திரத்தில் சுழற்றி எடுத்து என் முன் வைத்தாள். நல்ல குருதி அடுக்கடுக்காய்ப் பிரிந்திருந்தது: மேலே மஞ்சள், அடியில் சிவப்பு, இடையில் பாலேடுபோல் ஒரு மெல்லிய வளையம். அந்த வளையத்தில்தான் நமக்கு வேண்டிய உயிரணுக்கள் இருக்கின்றன. கண்ணமங்கலத்துக் குருதியில் அந்த வளையம் கலங்கி, சிவப்பேறி, எது எதுவென்று தெரியாமல் கிடந்தது. "இதை வச்சு எண்ணியிருந்தா, அவருக்கு ஞாபகமே இல்லைன்னுகூட வந்திருக்கும். இருக்கறது செத்திருக்கும், அவ்வளவுதான்" என்றாள்.

கலங்கிய அந்தக் குழாயைச் சற்றுத் தள்ளி வைத்தேன்.

"கிருமியைத் தடுக்கும் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று நேராகவே பார்த்துவிட முடியாதா?" என்று கேட்டேன்.

"பாக்கலாம். அது ரத்தத்துல ஏற்கெனவே மிதக்கறது. மல்லிகாக்காகிட்ட இதை ஒரு தடவை சொன்னேன். அவங்க உடனே, 'நெய்து மடிச்சி வச்ச பொடவை வேற, நெய்யத் தெரிஞ்ச கை வேற'ன்னாங்க. புடவை தீந்துபோயிருக்கலாம். நான் தேடறது கையை."

அந்தக் கைகள் குருதியில் சும்மா உறங்கிக்கொண்டிருக்குமாம். உறங்கும்போது அவற்றை மற்றவற்றிலிருந்து பிரித்தறிய இயலாது. ஆகவே சில நாள் ஊட்டநீரில் வளர்த்து, சீண்டி எழுப்ப வேண்டும். எழுந்தவை எதிர்ப்பொருளைச் சுரக்கத் தொடங்கும். பிறகு, அடியில் வெறிநோய்க் கிருமியின் புரதத்தைப் பூசிய சிறு சிறு குழிகளில் அவற்றை விட வேண்டும். பழைய தடுப்பூசியை நினைவில் வைத்திருக்கும் உயிரணு தான் இருந்த இடத்திலேயே சுரந்ததை ஒட்டிவிடும். உயிரணுக்களைக் கழுவிவிட்டுச் சாயம் ஏற்றினால், அது இருந்த இடத்தில் ஒரு புள்ளி தெரியும். ஒரு புள்ளி, ஒரு நினைவு.

ஒப்பிட்டுப் பார்க்க, வெறிநாய்க்கடித் தடுப்பூசியே போடாத ஒருவரின் குருதியும் வேண்டுமாம். எங்கள் ஊரில் எனக்கு அந்த ஊசிக்குத் தேவை வந்ததில்லை என்றதும் கயல்விழி குருதிக்காக என் கையைப் பிடித்துக்கொண்டாள். அறிவியலுக்கு நான் ஆற்றிய ஒரே தொண்டு அதுதான். அதையும் படுத்துக்கொண்டே ஆற்றினேன்.

அடுத்த நாள்களை ஆரணியில் கழித்தேன். காலையில் வடகறி, மாலையில் நடை. தெருவெல்லாம் தறியோசை திரும்பியிருந்தது. டில்லிபாபுவின் வீட்டைக் கடக்கும்போது அவர் தறியிலிருந்து தலையை உயர்த்திப் பார்ப்பார். "இன்னும் வரலையா?" என்று கேட்கமாட்டார். நானும் சொல்லமாட்டேன். ஒரு மாலை கண்ணமங்கலம் போய்ச் சாந்தியின் கடையில் தேநீர் குடித்தேன். குளிர்ப்பெட்டிக்கு மேல் அட்டையொன்றைத் தொங்கவிட்டிருந்தாள்: 'இரத்தம் வைக்காதீர்'. பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் அதைப் படித்துவிட்டு அக்கடையில் குளிர்பானம் வாங்கத் தயங்கினார்கள். வாசகத்தை மாற்றி எழுதித் தருவதாகச் சொன்னேன். "நீங்க எழுதுனா ஒருத்தனுக்கும் புரியாதும்மா" என்று மறுத்துவிட்டாள்.

கயல்விழி ஒரு முற்பகலில் மடிக்கணினியோடு வந்தாள். டில்லிபாபு தறியை விட்டு எழுந்து, கையைக் கழுவி, வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து அமர்ந்தார். மல்லிகா அவர் பின்னால் நின்றாள். ஸ்டெல்லாவும் வந்திருந்தாள். திரையில் வட்டம் வட்டமாகக் குழிகள். கயல்விழி ஒன்றைப் பெரிதாக்கினாள். வெண்ணிறத் தளத்தில் நீலப் புள்ளிகள் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தெறித்திருந்தன. அதிகமில்லை. ஆனால் ஐயத்துக்கு இடமின்றி இருந்தன.

"இதுதாண்ணா. உங்க ஊசியோட ஞாபகம்" என்றாள். "ஒவ்வொண்ணும் ஒரு செல்."

அவர் வெகுநேரம் பார்த்தார். "இது எல்லாம் அப்போ போட்டதா? போன வாரம் போட்டது இல்லையே?"

"இல்ல. அதுக்கு முன்னாடி எடுத்த ரத்தம்."

"இத்தினி வருஷமா உள்ள இருந்திகினு இருக்குது."

"இருந்துகிட்டே இருக்கு. ஆனா ஒண்ணுண்ணா, இது இருக்குன்னு அலட்சியமா இருந்துடாதீங்க. நாய் கடிச்சா உடனே சோப்பு போட்டுக் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்."

"அதெல்லாம் நான் ஓடிடுவம்மா" என்றார். விரலைத் திரையருகே கொண்டுபோய், தொடாமல், ஒரு புள்ளியின் மேல் நிறுத்தினார். மல்லிகா அவர் தோளில் கைவைத்தாள். எனக்கு அவ்விடத்தில் சொல்ல ஒரு சொற்றொடரும் தோன்றாதது நன்றாகவே இருந்தது.

பிறகு அவர் விரல் பக்கத்துக் குழிக்கு நகர்ந்தது. அது வெள்ளையாக, பால் தட்டுப்போல் வெறுமையாக இருந்தது.

"இது யாருது?"

"அது பெரியம்மாவோடது" என்றாள் கயல்விழி.

டில்லிபாபு என் பக்கம் திரும்பினார். அதுவரை அவர் முகத்தில் நான் காணாத ஒரு திகில். "ஒண்ணுமே இல்லையே! ஒரு புள்ளி கூட இல்லையே டீச்சரம்மா! இத்த வச்சிகினா ஒரு வாரமா இந்தத் தெருவுல நடந்துகினு இருந்தீங்க? அந்த முனைவூட்டுக் கறுப்பு நாய் வேற இருக்குது!"

"நான் நாளை மறுநாள் ஊருக்கு…"

"ஊருக்கு அப்புறம் போலாம். மல்லிகா, சாவிய எடு."

ஸ்டெல்லாவைத் தனியார் மருத்துவமனை எது நல்லது என்று கேட்டுக்கொண்டு, என்னைத் தம் மொபெட்டின் பின்னால் ஏற்றிக்கொண்டார். வழியில் எதிர்ப்பட்ட ஒவ்வொரு நாயையும் அவர் எனக்காக அதட்டிக்கொண்டே ஓட்டினார். மருத்துவமனையில் எனக்கு முன்னிருந்தவர்களிடம், "அவசரம்ங்க, இவங்களுக்கு உள்ள ஒண்ணுமே இல்ல" என்று சொல்லி வழிவிடச் செய்தார். ஒரு கல்லூரி ஆசிரியையைப் பற்றிப் பொதுவிடத்தில் இவ்வளவு சரியாக யாரும் கூறியதில்லை. கடித்ததா என்று மருத்துவர் கேட்டார். இல்லை, இனிமேல் கடிக்காமலிருக்க என்றார் டில்லிபாபு. முன்கூட்டியே போட்டுக்கொள்வதும் நல்லதுதான், அடுத்ததை ஒரு வாரம் கழித்து உங்கள் ஊரில் போட்டுக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் சிரித்தபடி எழுதிக் கொடுத்தார்.

ஊசி ஏறும்போது நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். டில்லிபாபு பக்கத்தில் நின்று, சிறுபிள்ளையைத் தேற்றுவதுபோல் என் முதுகில் மெல்லத் தட்டினார்.

"அவ்ளோதான், டீச்சரம்மா. ஆயிடுச்சி. இனிமே அது பாத்துக்கும்."